வரைபடத்தில் காலியாகத் தெரியும் கடல்

கடலோரத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்வது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் ஊரில் எங்கள் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கப்பல்களில் உள்ள தானியங்கி அடையாளக் கருவிகள் காட்டிய தடங்களை வைத்து வரைந்தது. ஊருக்கு நேரே இருந்த கடல் தடமே இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பெரியவர் அங்கே விரலை வைத்தார். “தம்பி, முப்பது வருசமா இங்கதான் வலை போடுறோம். ஒண்ணுமே இல்லைன்னு காட்டியிருக்கீங்களே?”

அவர் கேட்டது நியாயம். அந்த ஊர் வல்லங்களில், அதாவது சின்ன நாட்டுப்படகுகளில், அந்தக் கருவி கிடையாது. நாங்கள் படகுகளை எண்ணிய நாட்களும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விழுந்துவிட்டன. விசைப்படகுகள் கரையில் நின்றன. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கி அடித்ததால் வல்லக்காரர்களிலும் பலர் போகவில்லை. அப்புறம் ஊராரோடு உட்கார்ந்து, எந்த மாதம், எந்த வலை, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்று கேட்டுக் கேட்டு மறுபடி வரைந்தோம். வெள்ளை இடம் நிறைந்துவிட்டது.

கடலுக்குள் தூண் நட்டு மின்சாரம் எடுக்கும் காற்றாலைப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த வரைபடம்தான் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை இதற்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500 மெகாவாட். காற்று மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அனுமதி எந்த வரிசையில் நடக்கிறது என்பதைக் கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கடற்பரப்பைக் குறிக்கிறார்கள். பிறகுதான் ஏலம் விட்டுக் குத்தகை, 2023 கடல் காற்றாலைக் குத்தகை விதிகளின்படி அது 35 ஆண்டுகள் வரை போகலாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. அதனால் அனல்மின் நிலையத்துக்கு நடப்பதுபோலப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தானாக நடந்துவிடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி வாங்கும் அனுமதி தனி. ஊருக்கு ஆள் வந்து பேசும்போது எல்லைக்கோடு பெரும்பாலும் போடப்பட்டிருக்கும்.

காற்றாலைகளுக்கு நடுவே மீன் பிடிக்கலாமா? பிரிட்டனில் இயங்கும் காற்றாலைகளுக்குள் பொதுவாகப் போகலாம், பெல்ஜியத்தில் முடியாது. காற்றாடி ஒன்றுதான், சட்டம்தான் வேறு. நம் கரையில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூண்களுக்கு நடுவே வல்லம் தாராளமாகப் போய்விடும். ஆனால் வழிவலை என்பது நீரோட்டத்தோடு போகிற வலை, தூணைப் பார்த்து விலகாது.

ஆகவே ஏலத்துக்கு முன்பே உங்கள் ஊர்க் கடலை மாதவாரியாக எழுதி வையுங்கள். பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் இடங்களையும் சேருங்கள். எங்கள் ஆய்வில் பெரும்பாலும் விட்டுப்போவது அவைதான். கிராம சபைத் தீர்மானமாக்கி மீன்வளத்துறைக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கேபிள் எங்கே கரையேறும், எவ்வளவு ஆழத்தில் புதைப்பார்கள், கட்டுமான மாதங்களில் மூடப்படும் கடலுக்கு இழப்பீடு யாருக்கு, வலை கிழிந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது எதுவும் குத்தகைப் பத்திரத்தில் ஏறாது.