பீரங்கிக் குதிரையின் தோளைத் தொட்டுப் பாருங்கள்

"டாக்டர், வெடிச்சத்தத்துக்கு எத்தனை நாளில் பழகும்?" பீரங்கி வண்டிக்குக் குதிரை பழக்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நானோ முதலில் குதிரையின் தோளைத் தடவிப் பார்ப்பேன். சத்தத்தால் கெட்ட குதிரைகளைவிடச் சேணத்தால் கெட்டவற்றையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

சுமை அப்படிப்பட்டது. 1904இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த 18 பவுண்டர் பீரங்கி (சுமார் 18 பவுண்டு எடைக் குண்டு வீசுவது), அதை மாட்டி இழுக்கும் இரு சக்கர முன்வண்டியோடு சேர்த்துச் சுமார் 2 டன். 6 குதிரைகள் மூன்று ஜோடிகளாக அதை இழுத்தன. ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரை மேல் ஒரு வீரர். வலப்பக்கக் குதிரையையும் அவரே நடத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவருடைய வலது கால் நசுங்காமலிருக்கத் தனிக் காப்பு உண்டு. லண்டனில் மரியாதை வேட்டு முழக்கும் கிங்ஸ் ட்ரூப் பிரிவு, 13 பவுண்டர் பீரங்கிகளை இன்றும் இப்படித்தான் இழுத்துச் செல்கிறது. அவற்றுக்கு பிரேக் கிடையாது. சக்கரத்தை ஒட்டிய கடைசி ஜோடி, பின்தொடையைச் சுற்றிய வாரில் உடலைச் சாய்த்து வண்டியைத் தாங்கி நிறுத்துகிறது.

ஆகவே, முன்னே போகும் வீரருக்கு இழுவாரின், அதாவது குதிரை சுமையை இழுக்கும் வாரின், தளர்ச்சி உடம்பிலேயே தெரிய வேண்டும். இறக்கத்தில் அவர் இழுத்துக்கொண்டே போனால், கடைசி ஜோடி தாங்கும் பாரம் கூடும். வளைவில் இழுத்தால் அந்த ஜோடி தடம் விட்டு உள்ளே இழுபடும். ஒரு வீரரின் அவசரம் இன்னொருவருடைய குதிரையின் தோளில் புண்ணாகிறது. வீரரை நன்றாகப் பழக்காமல் குதிரையை மட்டும் பழக்குவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

ஒருமுறை இளங்குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சேணம் பூட்டினால் நகர மறுக்கிறது, வெடிக்குப் பயந்துவிட்டது என்றார்கள். சேணத்தில் இழுவையின் பாரத்தைத் தோளில் ஏற்றும் கழுத்துவளையத்தைக் கழற்றினேன். தோள்முனையில் மயிர் தேய்ந்து, ரூபாய் நாணயம் அளவில் ஒரு வீக்கம். விரல் வைத்ததும் தோல் துடித்தது, காதுகள் பின்னால் மடிந்தன. பயிற்சியில் உடல் இளைத்திருந்தது. பழைய அளவு வளையம் ஒவ்வோர் அடிக்கும் ஆடி உரசியிருக்கிறது. ஓய்வு கொடுத்தோம், வளையத்தை மாற்றினோம். மூன்று வாரத்தில் தானாக நடந்து ஏர்க்காலருகே வந்து நின்றது.

தொண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் ஆடும், இறுகினால் மூச்சுக்குழாயை அமுக்கும். குதிரை நிற்கும்போது பார்ப்பது போதாது, இழுக்கும்போதும் பாருங்கள். உட்பக்கம் காய்ந்து படிந்த வியர்வை உப்புத்தாள்போல் தோலைச் சுரண்டும், தினமும் துடையுங்கள். புண் வந்த பிறகு களிம்பு தடவி மறுநாளே பூட்டுவது கொடுமை.

சத்தத்துக்கும் வழி உண்டு. குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது கண்ணில் படாது. அதனால் முதலில் ஒரு மரக்கட்டை, பிறகு வெற்றுச் சக்கரங்கள் என இழுக்க வைத்துப் பின்புற ஓசையைப் பழக்குங்கள். வெடியைத் தீவன நேரத்தில், வெகு தொலைவில் தொடங்குங்கள். பக்கத்தில் நிதானமான மூத்த குதிரை நிற்கட்டும். மெல்லுவதை நிறுத்திக் காதை விறைத்தால், அன்றைக்கு அந்தத் தூரம் போதும்.

மாலையில் சேணத்தைக் கழற்றியதும் இரண்டு தோள்களையும் தடவுங்கள். கையுறை வேண்டாம், வெறுங்கைக்குத்தான் அந்தச் சூடு தெரியும்.