வெசலே தேவாலயம் ஏன் இன்னும் விழவில்லை?

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குன்றின் மேல் இருக்கும் சின்ன ஊர் வெசலே. அதன் பெரிய தெரு மேட்டில் ஏறி ஏறிப் போய், மகதலா மரியாளின் பெயரில் உள்ள பேராலயத்தின் வாசலில் முடிகிறது. வருகிறவர்களில் பலர் உள்வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கும் 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களிலேயே லயித்து நின்றுவிடுவார்கள். அவ்வளவு அருமையான வேலைப்பாடு அது. ஆனால் அதைத் தாண்டி நடுக்கூடத்துக்குள் போனதும் தலையைத் தூக்கி, கூரைக்குக் குறுக்கே ஓடும் வளைவுகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிர் நிறக் கல்லும் அடர் நிறக் கல்லும் மாறி மாறி அடுக்கிய வளைவுகள். கட்டும்போது அவை அரைவட்டம். இப்போது அப்படி இல்லை. உச்சி தாழ்ந்து, சப்பையாகிவிட்டன. அவற்றைத் தாங்கும் சுவர்களும் மேலே போகப் போக வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அளவுகோல் எதுவும் வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

1120-இல் நேர்ந்த பெரும் தீ விபத்துக்குப் பிறகு எழுப்பிய கூடம் இது. ஏறத்தாழ 1140-க்குள் கட்டி முடித்தார்கள். கிட்டத்தட்ட 900 ஆண்டுகளாக இப்படியே, கோணலாகவே நிற்கிறது. காங்கிரீட் தூணோ எஃகுச் சட்டமோ எதுவும் இல்லாத ஒரு கட்டடம் இவ்வளவு வளைந்த பிறகும் எப்படி நிற்கிறது? இதற்கு விடை தெரிந்துகொண்டால், பிரான்சின் கிராமப்புறத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு கோட்டையும் தேவாலயமும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் கல்லின் குணம். கல்லை நசுக்குவது மிகக் கடினம், ஆனால் இழுத்தால் சுலபமாகப் பிளந்துவிடும். சாதாரண மணற்கல்லில் ஒரு தூணை நேராக உயர்த்திக்கொண்டே போனால், தன் எடையாலேயே அடிக்கல் நொறுங்குவதற்கு முன் அது சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிடும். எந்தத் தேவாலயமும் அதன் பக்கத்தில்கூட வராது. ஆக, பழைய கட்டடங்களில் கல் நசுங்குவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு நீளமான கல்லை இரண்டு தூண்களுக்கு மேல் படுக்க வைத்தால் மட்டும் சிக்கல் வரும். கல் தன் எடையால் லேசாகத் தொய்யும், அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், விரிசல் விடும். அதனால்தான் கல் உத்தரம் போட்ட கட்டடங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

வளைவு இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை வில் போல அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கும்போது பக்கத்துக் கல்லைத்தான் நெருக்கும். இழுபடுவதற்கு அங்கே இடமே இல்லை, எல்லாமே நெருக்கம்தான். இடையில் இருக்கும் சாந்து கற்களை ஒட்டிப்பிடித்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாந்தின் வேலை அதுவல்ல. இரண்டு கற்கள் முழுப் பரப்பிலும் சமமாகப் பதிய வேண்டும், அதற்குத்தான் சாந்து.

ஆனால் வளைவு இதைச் சும்மா செய்வதில்லை. கீழே இறங்கும் பாரம் நேராக இறங்காமல், கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இறங்குகிறது. வழவழப்பான தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்த ஏணியின் கால் எப்படி வெளியே நழுவப் பார்க்குமோ, அதே உதைப்பு. இந்தப் பக்க உதைப்பு ஓய்வதே கிடையாது. வளைவு நிற்கும் வரை இரவும் பகலும் உதைத்துக்கொண்டேதான் இருக்கும்.

உதைப்பின் அளவு வளைவின் வடிவத்தைப் பொறுத்தது. பாரம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு எளிது: அதே அகலத்தில் வளைவின் உயரம் பாதியானால் உதைப்பு இரண்டு மடங்காகும். இப்போது வெசலேயில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உதைப்பினால் சுவர்கள் வெளியே நகர்ந்தன. நகர்ந்ததால் வளைவின் அகலம் கூடியது, உச்சி தாழ்ந்தது. தாழ்ந்ததால் உதைப்பு இன்னும் கொஞ்சம் அதிகமானது. இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சிக்கல்.

பர்கண்டிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அதே பகுதியில் க்ளூனி மடத்தின் பிரம்மாண்டமான தேவாலயத்தில் 1125-இல் கூடத்தின் கூரை இடிந்து விழுந்தது. இத்தனைக்கும் அங்கே கூர்மையான உச்சி கொண்ட வளைவுகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அகலத்துக்கு உயரம் அதிகமாக இருப்பதால் கூர்வளைவின் உதைப்பு அரைவட்டத்தைவிடக் குறைவு.

வெசலேயின் கட்டடக்காரர்கள் அரைவட்டத்தை விடவில்லை. ஆனால் வேறொரு துணிச்சலான காரியம் செய்தார்கள். அக்காலத்தில் பல தேவாலயங்களின் கூரை, குழாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற ஒரே நீண்ட வளைவாக இருந்தது. அதன் பாரம் சுவரின் நீளம் முழுவதும் இறங்கும், அதனால் சுவரில் பெரிய சன்னல் வைக்கப் பயம். வெசலேயில் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு வளைகூரைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி கட்டினார்கள். பாரம் நான்கு மூலைகளுக்குப் போய்விடும். நடுவிலுள்ள சுவருக்கு வேலை குறைவு. அங்கே தாராளமாகச் சன்னல் வைக்கலாம். வைத்தார்கள். ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் உச்சிப்பொழுதுக்கு அங்கே இருக்க வாய்த்தால், தெற்குச் சன்னல்கள் வழியே வரும் வெளிச்சம் கூடத்தின் தரையில், நடுக்கோட்டில், வரிசையாகப் புள்ளி வைத்தது போல விழுவதைப் பார்க்கலாம். நான் அறிந்தவரை ஐரோப்பியக் கட்டடங்களில் கல்லும் கணக்கும் வெளிச்சமும் இவ்வளவு கச்சிதமாகக் கூடிவரும் இடங்கள் மிகக் குறைவு.

அந்தத் துணிச்சலில் ஒரு குறை. மூலைகளில் குவிந்த உதைப்பை வெளியிலிருந்து எதிர்த்துப் பிடிக்கப் போதுமான முட்டு கொடுக்கவில்லை. அரைவளைவு முட்டுகள், அதாவது சுவருக்கு வெளியே தள்ளி நிற்கும் கனமான தூணிலிருந்து பாலம் போலப் பாய்ந்து வந்து சுவரை உள்நோக்கித் தள்ளும் அமைப்புகள், அப்போது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பிற்காலத்தில்தான் அவற்றைச் சேர்த்தார்கள். பிறகு பல நூற்றாண்டுப் புறக்கணிப்பு. 1834-இல் அரசின் பழங்கட்டடங்களுக்கான தலைமை ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பர் மெரிமே, உள்ளே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது சின்னச் சின்னக் கற்கள் தன்னைச் சுற்றி உதிர்ந்துகொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். உடனே உதவாவிட்டால் கட்டடத்தை இடித்துவிட வேண்டியதுதான் என்றும் எச்சரித்தார். 1840-இல் அதைச் சீரமைக்கும் பொறுப்பு 26 வயதுக் கட்டடக்கலைஞர் வியோலே-ல-துய்க்கிடம் போனது. அவர் வளைவுகளுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்து, சிதைந்த அரைவளைவு முட்டுகளைப் புதிதாகக் கட்டி, சில வளைவுகளை மாற்றி, கூரையைக் காப்பாற்றினார். இன்று வெளியே சுற்றிப் பார்த்தால் தெரியும் முட்டுகள் அந்த வேலையின் பலன்.

சரி, அவர் வரும் வரை அது ஏன் விழவில்லை? இதற்கான பதிலின் முதல் பாதியை 1675-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் கண்டுபிடித்தார். யாரும் தன் கண்டுபிடிப்பைத் தட்டிச் சென்றுவிடக் கூடாது என்று, விடையை லத்தீனில் எழுதி எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அச்சிட்டார். அவர் இறந்த பிறகுதான் அது வெளிவந்தது: ஒரு சங்கிலி எந்த வடிவில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே வளைவு நிற்கும் வடிவம். தொங்கும் சங்கிலியில் வெறும் இழுப்பு. தலைகீழாக்கினால் வெறும் நெருக்கம். கல்லுக்கு வேண்டியதும் அதுதான். அரைவட்டம் சரியாக அந்த வடிவம் கிடையாது. ஆனால் வளைவுக்குத் தடிமன் உண்டு அல்லவா? அந்தத் தடிமனுக்குள் எங்காவது ஒரு தலைகீழ்ச் சங்கிலியை வரைய முடிந்தால் போதும், வளைவு நிற்கும்.

மறுபாதி 1966-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஜாக் ஹெய்மன் இதை முறையான கணக்காக ஆக்கிக் காட்டினார். சுவர் நகர்ந்து வளைவு விரிந்தால் மூன்று இடங்களில் மூட்டு வாய் பிளக்கும்: உச்சியில் அடிப்பக்கமாக, இரு கால்களின் அருகே மேற்பக்கமாக. ஒவ்வொன்றும் கதவின் கீல் போல நடந்துகொள்ளும். மூன்று கீல்கள் உள்ள வளைவு விழாது. புதிய வடிவத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு உட்காரும். நான்காவது கீல் தோன்றினால்தான் ஆபத்து. ஆகவே பழைய தேவாலயத்தின் உச்சியில் நெடுக ஓடும் விரிசலைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அது பெரும்பாலும், கட்டடம் எப்போதோ நகர்ந்து அப்புறம் நிலைகொண்டதன் அடையாளம். விரிசல் இன்னும் விரிந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் தாளில் படிப்பது ஒன்று, ஒரு வளைவு உருவாவதை நேரில் பார்ப்பது இன்னொன்று. அதற்கும் வழி இருக்கிறது. வெசலே இருக்கும் அதே யோன் மாவட்டத்தில், திரேன்யி ஊரை ஒட்டிய காட்டில், கைவிடப்பட்ட ஒரு பழைய கல் குவாரிக்குள் 1997-இல் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். பெயர் கெடலோன். பக்கத்திலுள்ள சேன் ஃபார்ஜோ அரண்மனையை மீட்டெடுத்த மிஷேல் குய்யோவின் யோசனை அது. 13-ஆம் நூற்றாண்டில் இருந்த கருவிகள், இருந்த முறைகள் மட்டும்தான் என்பது விதி. 1228-இல் ஒரு சிறு பிரபு கட்டத் தொடங்கியதாகக் கற்பனை செய்துகொண்டு, அரசர் இரண்டாம் ஃபிலிப் காலத்துக் கோட்டைகளின் அமைப்பில் வரைபடம் போட்டார்கள்: சுற்றுச்சுவர், மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள், அவற்றில் ஒன்று மட்டும் பெரியது, இரட்டைக் கோபுர வாசல், நீரில்லாத அகழி. உருண்டைக் கோபுரத்துக்குக் காரணம் உண்டு. சதுரக் கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மூலையைச் சரித்துவிட்டால் சுவரும் கூடவே வரும். உருண்டையில் பிடித்து இழுக்க மூலையே இல்லை. காவலர் கண்ணுக்கு மறைவான இடமும் குறைவு.

அங்கே வேலைத்தளத்தில் என்னைக் கவர்வது அளவெடுக்கும் கயிறு. சம தூரத்தில் 13 முடிச்சுகள், அதாவது 12 இடைவெளிகள். 3, 4, 5 என்று இழுத்துப் பிடித்தால் செங்கோணம் கிடைத்துவிடும். நம் ஊர்க் கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கப் போடும் அதே 3-4-5 கணக்குதான்.

பாரம் தூக்க, மனிதர் உள்ளே நடக்கும் பெரிய மரச்சக்கரம். சக்கரத்தின் விட்டம் அச்சின் விட்டத்தைப் போல 10 மடங்கு என்று கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவர் மையத்திலிருந்து ஆரத்தின் பாதித் தூரத்துக்கு முன்னேறி நடந்தால், உராய்வைத் தள்ளிவிட்டால் 350 கிலோ எழும்பும். இருவர் நடந்தால் அதன் இரட்டிப்பு. பதிலுக்கு நடை அதிகம்: கல் 1 மீட்டர் ஏற, அவர்கள் 10 மீட்டர் நடக்க வேண்டும்.

வளைவு கட்டும்போது முதலில் தச்சர்தான் வருவார். வளைவின் வடிவிலேயே மரச்சட்டம் செய்து நிறுத்துவார்கள். நம் கட்டட வேலையில் சென்ட்ரிங் என்று சொல்வது இதைத்தான். இரு பக்கமிருந்தும் ஒரே சமமாகக் கற்களை அடுக்கி, கடைசியில் உச்சிக்கல்லை இறக்குவார்கள். அதுவரை முழுப் பாரமும் மரத்தின் மேல். பிறகுதான் முக்கியமான கட்டம். சட்டத்துக்கு அடியில் செருகியிருக்கும் ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தட்டித் தளர்த்த வேண்டும். மரம் இம்மி இம்மியாக இறங்கும், கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு லேசாக அமரும். வளைவு முதன்முதலாகத் தன் காலை உதைப்பது அந்த நொடியில்தான்.

அப்படி அமர்வதற்குச் சுண்ணாம்புச் சாந்து தோதானது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீரில் நீற்றி, மணலோடு கலந்து பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆனால் வெளியிலிருந்து உள்ளே, மிக மிக மெதுவாக. தடித்த கோட்டைச் சுவரின் உட்பகுதி இறுக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து உடைவதில்லை, இணங்கிக் கொடுக்கிறது. உறைபனி மட்டும் இதற்கு எதிரி. ஈரச் சாந்துக்குள் நீர் உறைந்து விரிந்தால் எல்லாம் பொடியாகும். அதனால் அக்காலத்தில் குளிர்காலத்துக்கு முன் வேலையை நிறுத்தி, சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடுவார்கள்.

கெடலோனைப் பார்த்த பிறகு நிஜமான பழைய கோட்டைகளுக்குப் போனால், உதாரணமாகத் திரேன்யியிலேயே இருக்கும் ரத்தீயிக்கு, சுவர்களில் எதைத் தேடுவது என்று தெரியும். பழைய சுவர்களில் ஒழுங்கான வரிசையில் சின்னச் சதுரத் துளைகள் கண்ணில் படலாம். சாரம் கட்டும் மரங்களின் நுனியைச் சுவருக்குள்ளேயே செருகி வைத்த இடங்கள் அவை. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரம், கொத்தனார் ஒரு தட்டில் நின்றபடி கைக்கெட்டும் வரை கட்டிய உயரம். சில கற்களில் முக்கோணம், சிலுவை, அம்பு போன்ற குறிகளும் கிடைக்கும். எத்தனை கல் செதுக்கினார் என்று எண்ணிக் கூலி கொடுக்க, கல்தச்சர் ஒவ்வொருவரும் போட்ட அடையாளம்.

இந்தக் காட்டு வேலையின் பயன் 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயம் எரிந்தபோது தெரிந்தது. கல் கூரையின் ஒரு பகுதி இடிந்ததும், வெளியிலுள்ள 28 அரைவளைவு முட்டுகளுக்கும் அடியில் மரச்சட்டங்களைப் பொருத்தினார்கள். உள்ளிருந்து வரும் உதைப்பு குறைந்துபோனால், வெளியிலிருந்து தள்ளும் முட்டு சுவரை உள்ளே சாய்த்துவிடும் என்பதால். வெசலேயின் சிக்கல் அப்படியே தலைகீழாக. பிறகு கூரையின் ஓக் மரச்சட்டத்தை இடைக்கால முறையிலேயே மறுபடி செய்ய முடிவானது. அதற்குக் கோடரியால் உத்தரம் செதுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கெடலோனில் தொழில் பழகிய தச்சர்கள் அந்த வேலைக்குப் போனார்கள். ரம்பத்தில் அறுத்தால் மரம் வளைந்த இடத்திலெல்லாம் நார் அறுபட்டுப் போகும். கோடரியால் செதுக்குகிறவரோ மரத்தின் வளைவோடு சேர்ந்தே போகிறார். நார் நெடுக அறுபடாமல் நிற்கிறது, உத்தரத்தின் வலுவும் அப்படியே இருக்கிறது.