‘டாஸ்க்கைப் புதுப்பிக்கும்’ என்ற ஒரு வரி போதுமா?

ஏஐ ஏஜென்ட்கள், அதாவது நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு தாமாகவே வேலை செய்யும் ஏஐ நிரல்கள், வேறு மென்பொருளில் ஒரு வேலையைச் செய்ய அழைக்கும் டூல்களுக்கு எழுதப்படும் விவரிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அதில் அடிக்கடி கண்ணில் படும் வரி: “கொடுக்கப்பட்ட டாஸ்க்கைப் புதுப்பிக்கும்.” விவரிப்பு அத்தோடு முடிந்துவிடும். கீழே ஐடி, தலைப்பு, ஸ்டேட்டஸ், கெடு தேதி, பொறுப்பாளர், லேபிள் என்று ஃபீல்டுகள் வரிசையாக நிற்கும். எழுதியவரைக் கேட்டால், “பெயரைப் பார்த்தாலே புரியுமே” என்பார்.

டெவலப்பருக்குப் புரியும். புரியாவிட்டாலும் கோடைத் திறந்து பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், ஒரு டெஸ்ட் டாஸ்க்கில் போட்டுப் பார்ப்பார். ஏஜென்ட்டின் கையில் பெரும்பாலும் டூலின் பெயரும் விவரிப்பும் ஸ்கீமாவும்தான் (எந்த ஃபீல்டில் என்ன மாதிரி மதிப்பு வரலாம் என்ற வரையறை) இருக்கும். மிச்சத்தை அது ஊகித்துக்கொள்ளும், அதுவும் தயக்கமே இல்லாமல். புது டாஸ்க் உருவாக்கும் டூலில் ஊகம் தவறினால் வேண்டாத டாஸ்க் ஒன்று கூடுதலாக நிற்கும், நீக்கிவிடலாம். புதுப்பிக்கும் டூலில் தவறினால், ஏற்கெனவே இருந்த தகவல் போய்விடும்.

எனவே முதலில் எழுத வேண்டியது, அனுப்பாத ஃபீல்டு என்ன ஆகும் என்பதை. ஒரு டாஸ்க்கில் ‘அவசரம்’, ‘பில்லிங்’ என்று இரண்டு லேபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “இதுக்கு ‘டிசைன்’ லேபிளும் சேர்த்துடு” என்கிறார் பயனர். ஏஜென்ட் லேபிள் ஃபீல்டில் ‘டிசைன்’ என்று மட்டும் அனுப்புகிறது. சர்வர் பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது, வெற்றி என்று பதில் தருகிறது. ஏஜென்ட்டும் “சேர்த்துவிட்டேன்” என்கிறது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. யாராவது பில்லிங் ஃபில்டரைப் போட்டுத் தேடும்போதுதான் டாஸ்க் காணாமல் போனது தெரியும்.

இதில் சர்வரைக் குறை சொல்லவும் முடியாது. ஏஜென்ட் அனுப்பும் தகவல் வழக்கமாக ஜேசான் என்ற வடிவத்தில் இருக்கும். அதில் மாற்றம் செய்வதற்கான இணையத் தர ஆவணம், 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396, அதாவது ஜேசான் மெர்ஜ் பேட்ச், இப்படித்தான் சொல்கிறது: அனுப்பாதது அப்படியே இருக்கும், ‘நல்’ (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி) அனுப்பினால் அந்த ஃபீல்டு நீங்கும், பட்டியல் என்றால் முழுதாக மாறும். ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடல் இதைப் படித்திருக்கலாம். ஆனால் உங்கள் டூல் இந்த முறையில் நடக்கிறதா, வேறு முறையிலா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

‘நல்’ விஷயத்தில் இன்னொரு குழி உண்டு. மாடல் அனுப்புவது ஸ்கீமாவை விட்டு விலகக் கூடாது என்று கட்டாயப்படுத்தும் ஓப்பன்ஏஐயின் ஸ்ட்ரிக்ட் முறையில் எல்லா ஃபீல்டுகளும் கட்டாயம். விருப்ப ஃபீல்டு வேண்டுமென்றால் ‘நல்’லையும் ஏற்கும் வகையாக அதை அறிவிப்பதுதான் வழக்கம். அங்கே ‘அனுப்பவில்லை’ என்ற நிலையே கிடையாது. உங்கள் சர்வர் ‘நல்’ என்றால் நீக்கு என்று எடுத்துக்கொண்டால், தலைப்பை மட்டும் மாற்ற வந்த ஏஜென்ட் கெடு தேதியையும் பொறுப்பாளரையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போகும்.

“லேபிள் பட்டியல் முழுதாக மாற்றப்படும். ஒன்றைச் சேர்க்க, முதலில் டாஸ்க்கைப் படித்து, பழைய லேபிள்களையும் சேர்த்து அனுப்பவும்” என்று எழுதலாம், வேலை செய்யும். என்னைக் கேட்டால், இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் டூலையே மாற்றிவிடுவது மேல். ‘சேர்க்க வேண்டிய லேபிள்’, ‘நீக்க வேண்டிய லேபிள்’, ‘கெடு தேதியை நீக்கு’ என்று தனித்தனி ஃபீல்டு வைத்தால் பாதி விவரிப்பு தானாகவே குறையும். விவரிப்பு நீளமானால் ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கன் (மாடல் படிக்கும் சொல் துண்டுகள்) செலவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டேட்டஸ். அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை ஸ்கீமாவிலேயே பூட்டிவிடலாம், அது எளிது. ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வேலையை முடித்ததாகக் காட்டும் அவசரம் ஏஜென்ட்களுக்குக் கொஞ்சம் அதிகம். “டெஸ்ட் தோல்வியடைந்தாலோ ஒரு பகுதி பாக்கி இருந்தாலோ ‘நடக்கிறது’ என்றே வைக்கவும், தடை என்ன என்பதைக் குறிப்பில் எழுதவும்” என்று ஒரு வரி சேர்த்தால் நிறைய பொய்க் கணக்கு குறையும்.

பிழைச் செய்தியும் விவரிப்பின் ஒரு பகுதிதான். “தவறான உள்ளீடு” என்று மட்டும் திருப்பி அனுப்பினால், ஏஜென்ட் அதையே வேறு எழுத்துகளில் திரும்பத் திரும்ப முயலும். “கெடு தேதி ஆண்டு-மாதம்-நாள் வடிவில் வேண்டும்; ‘நாளை’ ஏற்கப்படாது” என்றால் அடுத்த முறையே சரியாக வர வாய்ப்பு அதிகம். வெற்றி பெற்றாலும் வெறும் ‘சரி’ போதாது. மாறிய ஃபீல்டுகளின் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் திருப்பித் தந்தால், காணாமல் போன லேபிளை ஏஜென்ட்டே கவனிக்க வழியுண்டு.

ஏஜென்ட்களை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியைப் பயன்படுத்துபவர்கள், இந்த டூல் தகவலை அழிக்கக்கூடியது என்று தெரிவிக்கும் குறிப்பை வைத்தால் போதும் என்று நினைப்பதுண்டு. அந்த நெறிமுறையே அதை வெறும் குறிப்பு என்றுதான் சொல்கிறது. பயனரிடம் உறுதி கேட்க ஆப்புக்கு உதவலாம். எந்த ஃபீல்டு எப்படி அழியும் என்பதை அது சொல்லாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். வேறு எந்த விளக்கமும் தராமல், இந்த டூலை மட்டும் ஏஜென்ட்டிடம் கொடுத்து, “கெடு தேதியை எடுத்துடு, மத்தது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். அது தரும் பதிலைப் படிக்க வேண்டாம். அது அனுப்பிய ஜேசானைத் திறந்து ஒவ்வொரு ஃபீல்டாகப் பாருங்கள்.