மூங்கில் மத்தும் பச்சை நுரையும்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைக் கற்க வருபவரிடம் முதல் நாளே தேயிலைத் தூளைக் கொடுத்துவிடுவது அரிது. எப்படி உட்கார்வது, எப்படி வணங்குவது, ஃபுகுசா என்ற பட்டுத் துணியை எப்படி மடிப்பது என்றுதான் பாடம் தொடங்கும். அப்புறம் ஒருநாள் கிண்ணம் கைக்கு வரும். ஆசிரியரின் கிண்ணத்தில் பட்டுப் போன்ற நுரை நிற்கும். புதியவரின் கிண்ணத்தில் நாலைந்து பெரிய குமிழ்கள் மிதக்கும். தூளும் வெந்நீரும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது?

தூளிலிருந்து தொடங்கலாம். இந்தப் பச்சைத் தேயிலைத் தூளுக்கு மாட்சா என்று பெயர். அதற்கான தேயிலைச் செடிகளுக்குப் பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே நிழல் போட்டுவிடுவார்கள். இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம்தான் இதமான சுவையைத் தருகிறது. வெயில் பட்டால் அது துவர்ப்பான கேட்டச்சின்களாக மாறும். நிழலில் அந்த மாற்றம் குறைகிறது, பச்சையம் கூடுகிறது. காய்ந்த இலையைக் கல் எந்திரத்தில் மிக மெதுவாக அரைப்பார்கள். மணிக்குச் சுமார் 40 கிராம்தான் தேறும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும்.

இந்தத் தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. துகளின் விட்டம் பாதியானால் அது அடியில் படியும் வேகம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் இவ்வளவு நுண்ணிய அரைவை. அப்படியும் நேரம் போனால் படிந்துவிடும் என்பதால் விருந்தினர் கிண்ணத்தை ஆறவிடாமல் குடித்து முடிக்கிறார்.

நுரைக்குக் காரணம் இலையிலுள்ள சப்போனின்களும் புரதங்களும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இதே சப்போனின்களால்தான். இவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். ஆகவே அவை காற்றுக்குமிழைச் சுற்றி ஒரு தோல்போல அமர்ந்து, அது உடையாமல் காக்கின்றன. ஆனால் குமிழ்களின் அளவு முக்கியம். சிறிய குமிழுக்குள் அழுத்தம் அதிகம். பக்கத்தில் பெரிய குமிழ் இருந்தால், சிறியதன் காற்று மெல்லக் கசிந்து அதற்குள் போய்விடும். எல்லாக் குமிழ்களும் ஒரே அளவில், மிகச் சிறியனவாக இருந்தால்தான் நுரை நிற்கும்.

அந்த வேலையைச் செய்வது சாசென் என்ற மூங்கில் மத்து. ஒரே மூங்கில் துண்டைக் கீறி, 80, 100, 120 என்று ஈர்க்கு போன்ற இழைகளாகப் பிரிக்கிறார்கள். நாரா அருகே இகோமா நகரிலுள்ள தகயாமா இதற்குப் பேர்போன ஊர். மோர் கடைவதுபோலச் சாசெனைச் சுற்றக்கூடாது. புதியவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். வட்டமாகச் சுற்றினால் திரவமும் கூடவே சுற்றும், இழைகள் எதையும் வெட்டாது. மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் விரைவாக அடிக்க வேண்டும். திரவம் ஒரு திசையில் நகர்வதற்குள் இழைகள் திரும்பிவிடுவதால் காற்று உள்ளே இழுபட்டுத் துண்டு துண்டாகிறது. கடைசியில் மத்தை மேற்பரப்புக்கு உயர்த்தி, மிஞ்சிய பெரிய குமிழ்களை மெதுவாக உடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

சடங்காகத் தெரியும் மற்ற அசைவுகளிலும் இதே கணக்கு ஓடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தொடக்கத்தில் சாசெனை வெந்நீரில் நனைப்பது, காய்ந்த மூங்கில் இழை முறியாமல் வளைவதற்காக. முறிந்த இழை இருந்தால் அப்போதே தெரிந்தும் விடும். அதே வெந்நீரில் கிண்ணமும் சூடாகிறது. பிறகு அதை ஈரமில்லாமல் துடைக்கிறார்கள், இல்லாவிட்டால் தூள் ஒட்டிக் கட்டிபடும். கட்டிபட்ட தூளை எந்த அடியும் சரியாக்காது. ஆகவே வீட்டில் பழகுபவர்கள் முதலில் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராம் தூளுக்கு 70 மில்லி வெந்நீர், 80 டிகிரி அளவில் இருந்தால் போதும்.

எவ்வளவு நுரை வேண்டும் என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழிவந்த மரபுகளில் உரசென்கே கிண்ணம் முழுக்க நுரையை விரும்புகிறது. ஒமோதேசென்கேயோ நுரைக்கு நடுவே தேநீர் ஒரு பிறைபோலத் தெரியும்படி விடுகிறது. கோய்ச்சா என்ற கெட்டித் தேநீரில் நுரையே கிடையாது. அதில் தூள் மிக அதிகம், நீர் குறைவு. சாசெனால் அடிப்பதில்லை, மாவு பிசைவதுபோல மெல்லக் குழைக்கிறார்கள்.