துணைக்காலைத் தொலைத்த பிள்ளைகள்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். போன பருவத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் பார்வைக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைத் தடங்கலே இல்லாமல் படித்தான். டீச்சர் முகத்தில் பெருமை. எனக்கென்னவோ அவன் கண் புத்தகத்தில் இல்லை என்று பட்டது. சரி என்று, சில சொற்களைக் கரும்பலகையில் தனித்தனியாக எழுதினேன். 'சொல்' என்பதைச் 'செல்' என்றான். 'தோள்' தேளாகிவிட்டது. 'கொடு' என்று எழுதினால் 'கெடு'.

மூன்றிலும் ஒரே தவறு. முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்துவிடுகிறான். பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் இந்த மூன்று வரிசையில்தான் ஒரே ஒலிக்கு எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வருகிறது. படித்துப் பழகிய நமக்கு இது உறைப்பதே இல்லை. 216 உயிர்மெய்யையும் அட்டையில் வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளை, வரிசையைக் கலைத்தால் இங்கேதான் விழுகிறது. "மக்குப் பையன் சார்" என்று சொல்லிவிடுவது சுலபம்.

2022இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். அரும்புதான் தொடக்க நிலை. நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் 'அரும்பு' என்று பதிந்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். எதில் அரும்பு? கொம்பிலா, புள்ளியிலா, ண-ன வித்தியாசத்திலா? பயிற்சியில் நாங்களும் அதைக் கேட்பதில்லை. மாநிலப் பயிற்சியில் சொன்னது மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து வட்டாரத்துக்கு இறங்குவதற்குள் பாதி நீர்த்துவிடும். வருகைப் பதிவும் போட்டோவும் மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேரும். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் அடுத்து வந்தபோது, ஆளுக்கு மூன்று சொல்வதெழுதுதல் நோட்டு கொண்டுவரச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. மார்க்கைப் பார்க்க வேண்டாம், எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். மதியம் வரை அதே வேலை. நான்கு பள்ளி நோட்டுகளில் துணைக்காலைக் காணோம். ஒரு பள்ளியில் புள்ளி. அப்புறம், வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷமான டீச்சர் ஒருவர், பழைய கல்யாணப் பத்திரிகையைத் துணைக்கால் வடிவில் வெட்டினார். பலகையில் 'செ' எழுதி, கொஞ்சம் இடம் விட்டு 'ல்' எழுதினார். நடுவில் துண்டை வைத்தால் சொல், எடுத்தால் செல். அன்றைய பயிற்சியே அதுதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பையனைப் பார்த்தேன். 'தேடு', 'தோடு' இரண்டையும் சரியாகப் படித்தான். 'பௌர்ணமி'யில் மாட்டிக்கொண்டான். "இதுல துணைக்கால் இல்ல, 'ள' தானே சார் இருக்கு, அத ஏன் படிக்கக் கூடாது?" என்றான். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துப் போகிறேன்.