பழைய கட்டடத்துக்கு அமெரிக்க அரசு தரும் வரிக் கழிவு: ஒரு சின்ன ஊர்க் கணக்கு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளின் தென்கோடியில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். மக்கள்தொகை நாலாயிரத்தைத் தொடாது. வெந்நீர் ஊற்றில் குளிக்க ரயிலேறி வந்த கூட்டத்தை நம்பி 1890களில் எழுப்பிய மணற்கல் கட்டடங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. 1892இல் கட்டிய எவன்ஸ் ஹோட்டல் அவற்றில் ஒன்று. 1974இல் அந்தக் கடைத்தெரு வட்டாரமே, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் ஆணி அடிக்கக்கூட அரசைக் கேட்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உரிமையாளர் சொந்தக் காசில் கட்டடத்தை மாற்றினாலும், ஏன் இடித்தாலுமே, இந்தப் பதிவேடு தடுக்காது. தடை வருவதென்றால் ஊர் நிர்வாகம் தனியாகப் போட்ட விதியால் வரலாம். 1966இல் வந்த வரலாற்று இடப் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போடுவது மத்திய அரசைத்தான். அதன் பணமோ அனுமதியோ ஒரு வேலையில் கலந்தால், பழைய கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய்ந்தாக வேண்டும். ஆராய்ந்தால் போதும்; காப்பாற்றியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சரி, பதிவேட்டில் ஏறிய கட்டடத்தால் கைக்கு என்ன வரும்? புதுப்பித்த செலவில் 20 சதவீதத்தை, கட்ட வேண்டிய மத்திய வருமான வரியிலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளலாம். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் இது ஐந்து ஆண்டுகளில் சம பங்காகத்தான் கிடைக்கிறது. கட்டடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும்: கடை, விடுதி, வாடகை வீடு எதுவானாலும் சரி. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். 60,000 டாலருக்கு ஒரு பழைய கடை வாங்குகிறீர்கள். அதில் மனையின் மதிப்பு 10,000. மீதி 50,000ஐவிட அதிகமாகப் புதுப்பிக்கும் செலவு இருக்க வேண்டும், அதுவும் பொதுவாக 24 மாதத்துக்குள். வெறும் பெயின்ட் அடித்துவிட்டு வந்து கேட்க முடியாது. 1,00,000 டாலர் செலவழித்தால் கழிவு 20,000, ஆண்டுக்கு 4,000. வாங்கிய விலை, புதிதாகச் சேர்த்துக் கட்டிய பகுதி, வண்டி நிறுத்துமிடம் எதுவும் செலவுக் கணக்கில் வராது. அவ்வளவு வரி கட்டும் வருமானம் சின்ன ஊர்க் கடைக்காரருக்கு ஏது? அதனால் மிச்சத்தை 20 ஆண்டு வரை தள்ளிக்கொண்டு போக விட்டிருக்கிறார்கள். அப்படியும், கட்டடக் கலைஞருக்கும் கணக்கருக்கும் கொடுத்தது போக இந்த ஊர்களில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரிய நகரத்து ஆலைகளுக்குப் பொருந்துகிற அளவு இது இங்கே பொருந்துவதில்லை என்பது என் எண்ணம்.

கிராமப்புற ஊர்களுக்கென்று பால் புரூன் பெயரில் ஒரு மானியமும் இருக்கிறது. அது உரிமையாளருக்கு நேராக வராது. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் போன்ற அமைப்புகள் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும்.

பலர் சறுக்குவது வேலை செய்யும் விதத்தில்தான். வரிக் கழிவுக்கான விண்ணப்பம் மூன்று பகுதி. கட்டடம் வரலாற்றுத் தகுதி உடையதா என்பது முதல் பகுதி, செய்யப்போகும் வேலை இரண்டாவது, முடித்த வேலை மூன்றாவது. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் பார்த்த பின் தேசியப் பூங்காத் துறை முடிவு சொல்லும். சரிசெய்யக்கூடிய மரச் சன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைத்தால் பெரும்பாலும் சிக்கல்தான். அழுக்குப் போக வேண்டும் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் மணற்கல்லின் மேல்தோலே உரிந்துவிடும். கல்லைக் கெடுக்கும் அந்த முறைக்கு இடமில்லை. ஒன்று பிசகினால் மொத்தக் கழிவும் போகலாம். வேலை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டடத்தை விற்றாலும் கழிவில் ஒரு பங்கையோ முழுவதையுமோ திருப்பிக் கட்ட வேண்டும்.

அதனால் பழைய சன்னலை வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாநில அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.