அபராதம் கட்டக் கையில் பணமில்லையா, தவணை கேளுங்கள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் இந்த அபராதம் 2,000 வரைதான். குடித்துவிட்டு ஓட்டுவதை நான் நியாயப்படுத்த வரவில்லை, அது அடுத்தவன் உயிரோடு விளையாடுவது. ஆனால் அதே பத்தாயிரத்தை ஒருவர் செல்போனிலிருந்து அனுப்பிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார், பெயின்ட் வேலைக்குப் போகிற இன்னொருவர் பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு அந்த வட்டிக்காக மறுபடி கடன் வாங்குகிறார்.

பெட்டி கேஸ் எனப்படும் சின்னக் குற்ற வழக்குகள் வரும் நாளில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பேரைக் கூப்பிடுவார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்பார்கள், "ஒப்புக்கிறேங்க ஐயா" என்பார், தொகையைச் சொல்வார்கள், இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கட்ட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியாது. பணம் வரும்வரை போலீஸ்காரர் அவரை ஓரமாக உட்கார வைத்திருப்பார். வெளியே வராந்தாவில் அவர் மனைவி கம்மலைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்து அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, காது தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் பழகவில்லை.

இத்தனைக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அபராதம் மட்டும் விதித்து, கட்டாவிட்டால் சிறை என்று தீர்ப்பு வந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464ஆவது பிரிவின்படி நீதிபதி முப்பது நாள் அவகாசம் கொடுக்கலாம், அல்லது இரண்டு மூன்று தவணையாகக் கட்டச் சொல்லலாம், அதுவரை பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். பழைய சட்டத்தில் இதுவே 424ஆவது பிரிவு. கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, நீதிபதியின் விருப்பம்தான், ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை. தொகையைச் சொன்ன உடனே, "ஐயா, இப்போ முழுசாக் கட்ட வசதியில்லைங்க, தவணை கொடுங்க" என்றால் போதும். என்ன வேலை, என்ன கூலி, வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, பெரிய வழக்கு, சிறைத் தண்டனையோடு அபராதமும் விழுந்துவிட்டது என்றால்? அங்கேதான் குடும்பங்கள் கணக்கில் ஏமாந்துபோகின்றன. தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியும், ஆனால் அபராதம் கட்டாததற்கான சிறையில் கழியாது, அதைத் தனியாகத்தான் அனுபவிக்க வேண்டும். விடுதலை தேதி என்று எண்ணிக்கொண்டிருந்த நாளில் போய் நின்றால், இன்னும் சில மாதம் என்பார்கள். அந்தக் காலத்துக்கும் வரம்பு உண்டு. சிறையும் அபராதமும் விதிக்கக்கூடிய குற்றமென்றால், அதற்கான அதிகபட்ச சிறைக்காலத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதிப் பணம் புரட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், மீதித் தொகைக்கு ஈடான நாட்களை உள்ளே கழித்திருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ஒரு லட்சம் அபராதம் கட்டாததற்கு மூன்று வருடம் என்றிருந்த போதைப்பொருள் வழக்கு ஒன்றில், 2007இல் சாந்திலால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. குற்றவாளியின் பணவசதியைப் பார்க்காமல் இப்படிச் சிறை விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. மேல்முறையீட்டில் இதைக் காட்டி வாதாடச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும். சிறையில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானமே பார்ப்பதில்லை. அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் ஏழைகளுக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் இருக்கிறது, போதைப்பொருள், ஊழல் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் கிடையாது.

பின்லாந்தில் 1921 முதலே தினசரி வருமானத்தைக் கணக்குப் போட்டுத்தான் அபராதம், ஜெர்மனியிலும் அப்படித்தான். இங்கே அது வருமா, எனக்குத் தெரியாது, வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அபராதத்தை ஆறு வருடம் வரை வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, கட்டியதை மறுபடி கேட்டு வாரண்ட் வந்தால் காட்ட அந்தத் துண்டுச் சீட்டுதான் இருக்கும்.